தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட்: பழைய கார்டன் டிராக்டரின் கார்புரேட்டருக்குப் புது புஷ் போடும் முறை

ஐட்லிங்கில் விட்டால் இன்ஜின் ஒரே சீராக ஓடாது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சோக்கை அரைவாசி இழுத்தால் சாந்தமாகிவிடும், விட்டால் பழைய கதை. என்னிடம் இருக்கும் கப் கேடட் 122 டிராக்டர் இரண்டு கோடைக்காலம் இப்படித்தான் ஓடியது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். ஜெட், நீடில், கேஸ்கட் எல்லாம் மாற்றினேன். கழுவிய மறுநாள் கொஞ்சம் நன்றாக இருப்பது போலத் தோன்றும், ஒரு வாரத்தில் மறுபடி அதே ஏற்ற இறக்கம்.

கடைசியில் விடை ஒரு விரல்நுனியில் கிடைத்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் லீவரைப் பிடித்துச் சுழற்றாமல் பக்கவாட்டில் அசைத்தேன். டிக், டிக் என்று ஆடியது. இன்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டைத் திருப்பும் தண்டுதான் ஷாஃப்ட். அது உட்காரும் துளை அகன்றுபோயிருந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது எந்த நீடிலை எத்தனை சுற்றுத் திருப்பினாலும் கலவை நிற்காது.

இது அமெரிக்கத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டர்களுக்கான வழிகாட்டி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியரின் பழைய மாடல்கள் எனப் பல வண்டிகளில் ஒரே குடும்பத்து இன்ஜின்தான் இருக்கும்: கோலர் கே-சீரிஸ். நம் ஊரில் குளியலறைக் குழாயில் பார்க்கும் அதே கோலர்தான், விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த நிறுவனம். வார்ப்பிரும்பு பிளாக், ஒற்றை சிலிண்டர். கே-181 என்றால் 8 குதிரைத்திறன், கே-241 என்றால் 10, கே-301 என்றால் 12, கே-321 என்றால் 14. ஆரம்பகால வண்டிகளில் கார்ட்டர் கார்புரேட்டரும் பின்னால் வந்தவற்றில் கோலரே செய்த கார்புரேட்டரும் இருக்கும். இரண்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏன் தேய்கிறது

இந்த இன்ஜின்களில் த்ராட்டிலை இயக்குவது உங்கள் கை அல்ல, இன்ஜின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கவர்னர். நீங்கள் நகர்த்தும் கைப்பிடி ஒரு ஸ்பிரிங்கைத்தான் இழுக்கிறது. ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கப் பார்க்கும், கவர்னர் மூடப் பார்க்கும். புல் அடர்த்தியாக வந்தால் கொஞ்சம் திறக்கும், மெலிந்தால் கொஞ்சம் மூடும். இந்த இழுபறியில் ஷாஃப்ட் ஒரு நொடி கூட ஓய்வதில்லை. அதோடு ஒற்றை சிலிண்டரின் அதிர்வு, புல் வெட்டும்போது பறக்கும் புழுதி. தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி. ஐம்பது அறுபது வருடம் இப்படி ஓடினால் எந்த உலோகமும் தேயத்தான் செய்யும்.

துளை வட்டமாகத் தேய்வதில்லை, முட்டை வடிவில் தேயும். கவர்னர் கம்பி ஒரே திசையில் இழுக்கிறது, சிலிண்டரின் உறிஞ்சலும் தகட்டை ஒரே திசையில் இழுக்கிறது. பெரும்பாலும் லீவர் இருக்கும் மேல்பக்கத் துளைதான் அதிகம் போயிருக்கும். அடிப்பக்கத் துளை நிறைய கார்புரேட்டர்களில் நல்லபடியாகவே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் நம்மைக் காப்பாற்றும்.

கொஞ்சம் காற்று போனால் என்ன, ஓடினால் போதும் என்று விடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். அந்த இடுக்கு வழியே போகும் காற்று ஏர் ஃபில்டரைத் தாண்டி வருவதில்லை. நேராகப் புழுதியோடு சிலிண்டருக்குள் போகிறது. அங்கே பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேயும். ஷாஃப்டின் துளைக்குள் புஷ், அதாவது ஒரு சின்ன உலோகக் குழல், போடுவது ஒரு நாள் வேலை, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணுவது அப்படியல்ல.

முதலில் உறுதி செய்யுங்கள்

ஏறி இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஐட்லிங் துவாரம் அடைத்திருக்கலாம், கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் போயிருக்கலாம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஓடும் இன்ஜினில் அடித்துப் பார்ப்பது பலரும் சொல்லும் வழி. சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் ஸ்பிரேயை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிரீஸ் போதும்.

கெட்டியான கிரீஸை விரலில் எடுத்து, ஷாஃப்ட் வெளியே வரும் இரண்டு முனைகளிலும் சுற்றி அப்புங்கள். இன்ஜினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விடுங்கள். கிரீஸ் மெதுவாக உள்ளே இழுபட்டு, அந்தக் கொஞ்ச நேரம் இன்ஜின் சீராக ஓடினால் சந்தேகமே வேண்டாம். எந்த முனையில் கிரீஸ் குழிவிழுந்து உள்ளே போகிறதோ அந்தத் துளைதான் போயிருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் கேஸ்கட்டைப் பாருங்கள், ஐட்லிங் வழிகளைப் பாருங்கள். கார்புரேட்டரை ரீம் பண்ண, அதாவது ரீமர் என்ற கருவியால் துளையை அகலப்படுத்த, கிளம்பிவிடாதீர்கள்.

கழற்றுவது

ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் எரியும் கேரேஜுக்குள் பெட்ரோல் வேலை வேண்டாம்.

கவர்னர் கம்பியும் ஸ்பிரிங்கும் எந்தெந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுங்கள், இரண்டு மூன்று கோணத்தில். ஸ்பிரிங் ஒரு ஓட்டை மாறினாலும் இன்ஜினின் குணமே மாறிவிடும்.

கார்புரேட்டரை இறக்கி, ஃப்ளோட், நீடில், கேஸ்கட், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கலவை நீடில்களைக் கழற்றும் முன், உள்ளே மெதுவாக முட்டும் வரை திருகி, எத்தனை சுற்று வந்தது என்று எழுதி வையுங்கள்.

இப்போது த்ராட்டில் தகடு. பலரும் இங்கேதான் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களின் நுனியைத் தொழிற்சாலையிலேயே தட்டி விரித்திருப்பார்கள், கழன்று இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது என்று. அதை அப்படியே திருகினால் ஒன்று தலை உடையும், இல்லையென்றால் ஷாஃப்டின் மரை போகும். விரிந்த நுனியைச் சின்ன அரத்தாலோ ரோட்டரி டூலாலோ ஷாஃப்டின் மட்டத்துக்கு ராவிவிடுங்கள். அப்புறம் அளவான திருப்புளியை நன்றாக அழுத்தித் திருப்புங்கள். புது ஸ்க்ரூ வாங்கி வைத்திருங்கள், பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

தகட்டை எடுக்கும் முன் அதன் இன்ஜின் பக்க முகத்தில், மேல் பகுதியில் ஒரு கோடு கீறி வையுங்கள். தகட்டின் விளிம்பு சாய்வாக வெட்டியிருக்கும். திருப்பிப் போட்டால் முழுசாக மூடாது.

அளந்து பாருங்கள்

ஷாஃப்டை உருவி, நகத்தை அதன் நீளத்தில் ஓட்டுங்கள். தேய்ந்த இடத்தில் நகம் ஒரு படியில் இறங்குவது தெரியும். மைக்ரோமீட்டர் இருந்தால் தேயாத இடத்தையும் தேய்ந்த இடத்தையும் அளந்து எழுதுங்கள். என் கார்புரேட்டரில் ஷாஃப்ட் இரண்டு நூல், அதாவது 1/4 அங்குலம். தேயாத இடத்தில் 249 தவ் இருந்தது (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மேல்பக்கத்தில் 243. மேல்துளை ஒரு திசையில் 251, குறுக்கே அளந்தால் 259. ஆக ஒரு பக்கத்தில் மட்டும் மொத்தம் 16 தவ் ஆட்டம். ஒன்றிலிருந்து மூன்று தவ் வரை இருக்க வேண்டிய இடத்தில் இது. உங்களுடையதில் ஷாஃப்ட் அளவு வேறாக இருக்கலாம். சாமான் வாங்கும் முன் அளந்துவிடுங்கள்.

ஷாஃப்ட் மட்டும் தேய்ந்து துளை நன்றாக இருந்தால் புது ஷாஃப்ட் போட்டால் முடிந்தது. துளை போயிருந்தால் புது ஷாஃப்ட் பாதி வேலைதான், சீக்கிரமே அதுவும் தேயும். இரண்டும் போயிருந்தால், என்னுடையது போல, புஷ்ஷும் வேண்டும் ஷாஃப்டும் வேண்டும்.

புது கார்புரேட்டரே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். விலை மலிவாக நகல்கள் கிடைக்கின்றன. ஒன்று வாங்கிப் பார்த்தேன். மெயின் நீடிலைத் திருப்ப வழியில்லாமல் நிலையான ஜெட்டோடு வந்தது, என் இன்ஜினுக்குக் கலவை மெலிவாகவே இருந்தது. பழைய கார்புரேட்டரின் உடல் நல்ல உலோகம், அதன் வழிகள் இந்த இன்ஜினுக்கென்றே துளைத்தவை. அதைக் காப்பாற்றுவதுதான் சரி என்பது என் முடிவு.

எந்த புஷ்

லேத் பட்டறை பழக்கம் இருந்தால் கன்மெட்டலில் கடைந்து வாங்கலாம். வெளிவிட்டம் 5/16 அங்குலம் வைக்கலாம், ஆனால் துளையைச் சுற்றிப் போதிய கனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனம் இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிதாகத் துளைத்தால் உடல் வெடித்துவிடும்.

எனக்குப் பிடித்தது மெல்லிய பித்தளைக் குழாய். பொம்மை விமானம், ரயில் செய்கிறவர்களுக்கு விற்கும் குழாய்களில் 9/32 அங்குல வெளிவிட்டமும் 14 தவ் சுவர்க் கனமும் உள்ள ஒன்று உண்டு. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிப் போகும்படி அளவெடுத்துச் செய்தவை அவை. கணக்குப் போட்டால் உள்விட்டம் 253 தவ் வரும். இறுக்கமாக உள்ளே போகும்போது இன்னும் ஒரு துளி சுருங்கும். இரண்டு நூல் ஷாஃப்டுக்கு இதைவிடக் கச்சிதமாக என்ன வேண்டும்? உடலில் ஒரு பக்கத்துக்கு 1/64 அங்குலம் மட்டுமே வெட்டினால் போதும் என்பது இதில் பெரிய நன்மை.

எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கல புஷ்ஷும் கடையில் கிடைக்கும். அதில் ஊறிய எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும் என்பதால் எனக்கு அதில் ஈர்ப்பில்லை.

அச்சு தப்பக் கூடாது

இந்த வேலையில் மற்றதெல்லாம் பொறுமை, இது ஒன்றுதான் திறமை. புதுத் துளையின் மையம் பழைய, தேயாத துளையின் மையத்திலேயே இருக்க வேண்டும். தகடு மூடும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஊசிமுனை அளவு ஐட்லிங் துவாரங்கள் இருக்கின்றன. தகட்டின் விளிம்பு அவற்றை எந்த இடத்தில் தாண்டுகிறது என்பதை வைத்துத்தான் ஐட்லிங்கிலிருந்து வேகம் எடுப்பது அமைகிறது. மையம் நகர்ந்தால் தகடும் நகரும். ஒரு பக்கம் சுவரில் உரசும், மறுபக்கம் வெளிச்சம் தெரியும்.

கை ட்ரில்லில் இதைச் செய்ய முடியாது. ட்ரில் பிட்டும் ரீமரும் இருக்கிற துளையைப் பின்பற்றியே போகும். துளை முட்டை வடிவில் இருந்தால் அவையும் தேய்ந்த பக்கமே சாயும். நான் முதலில் வேறொரு பழைய உடலில் கையால் ரீம் பண்ணிப் பார்த்தேன். புஷ் அழகாக உட்கார்ந்தது, ஷாஃப்டும் ஆடாமல் நின்றது, ஆனால் தகடு முக்கால்வாசி மூடியதும் சிக்கிக்கொண்டது. அந்த உடல் இப்போது உதிரிக்குத்தான் பயன்படுகிறது.

ட்ரில் பிரஸ்ஸில் செய்த விதத்தைச் சொல்கிறேன். கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் முகம் மட்டமாகக் கடையப்பட்டது. ஷாஃப்டின் அச்சு அந்த முகத்துக்கு இணையாக ஓடுகிறது. அதனால் ட்ரில் பிரஸ் மேசையில் செங்கோணமான ஒரு இரும்புக் கோணத்தைப் போல்ட் போட்டு நிறுத்தி, அதன் மேல் அந்த முகத்தைப் பதித்தால் ஒரு திசையின் சாய்வு தானாகத் தீர்ந்துவிடும். மீதி இருப்பது இடது வலது சாய்வு. அதற்கு, ட்ரில் சக்கில் 1/4 அங்குல நேரான எஃகுக் கம்பியை மாட்டி மெதுவாக இறக்குங்கள். மேல்துளை வழியாகப் போய், தேயாத அடித்துளைக்குள் முட்டாமல், உரசாமல் இறங்க வேண்டும். உடலைக் கோணத்தில் தளர்வாகப் பிடித்தபடி கம்பியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கம்பி எங்கே போக விரும்புகிறதோ அங்கே உடல் தானாக வந்து உட்காரும். எண்ணெய் பூசின மாதிரி வழுக்கி இறங்கும்போது கிளாம்ப்பை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி ஒரு முறை இறக்கிப் பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கலாம்.

இனி மேசையைத் தொடாதீர்கள். கம்பியை எடுத்துவிட்டு 7 மி.மீ. எண்ட் மில்லை (தட்டையான நுனியால் வெட்டும் கருவி) மாட்டுங்கள். எண்ட் மில் பழைய துளையைப் பின்பற்றாது, சக்கின் மையம் எங்கேயோ அங்கேயே வெட்டும். வேகம் குறைவாக, மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் இறக்குங்கள். நேராகக் கீழே மட்டும்தான், பக்கவாட்டில் தள்ளவே கூடாது. மேல்துளையைத் தாண்டி, கலவை போகும் நடுவழிக்கு வந்ததும் நிறுத்துங்கள், எதிர்ச் சுவரைத் தொட்டுவிடக் கூடாது. அடுத்து 9/32 ரீமர், அதே நிலையில், இன்னும் மெதுவாக. ரீமரை எப்போதும் பின்பக்கமாகச் சுற்றாதீர்கள், வெளியே எடுக்கும்போதும் முன்சுற்றுதான்.

அடித்துளையும் போயிருந்தால் கம்பிக்குப் பிடிமானம் இல்லை. அப்போது உடலை நல்ல மெஷின் ஷாப்பில் கொடுத்து, நீளமான கருவியால் ஒரே பிடியில் இரண்டையும் வெட்டச் சொல்லுங்கள். சில உடல்களில் அடித்துளை ஒரு சிறு மூடியால் அடைத்திருக்கும், அதையும் சொல்லிக் கொடுங்கள்.

புஷ் இறக்குவது

குழாயைத் துளையின் நீளத்துக்கு வெட்டி, இரண்டு விளிம்பையும் உள்ளும் புறமும் பிசிறு இல்லாமல் தேயுங்கள். நடுவழிக்குள் துருத்தவே கூடாது, துருத்தினால் தகடு இடிக்கும். துளையையும் குழாயையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பேரிங் ஒட்டும் பச்சை நிற ரீடெய்னிங் காம்பவுண்டை மெல்லிய படலமாகக் குழாயின் வெளிப்பக்கம் தடவுங்கள். நிறையத் தடவினால் உள்ளே வழிந்து ஷாஃப்டையே ஒட்டிவிடும்.

மெல்லிய குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், நசுங்கிவிடும். அதே 1/4 கம்பியைக் குழாய்க்குள் விட்டு, மேலே ஒரு வாஷர் வைத்து, ட்ரில் பிரஸ்ஸின் கைப்பிடியாலேயே அழுத்துங்கள், மோட்டாரை ஓட்டாமல். சிறு எதிர்ப்போடு வழுக்கி இறங்க வேண்டும். கம்பியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

மறுநாள் புது ஷாஃப்டை விட்டுப் பாருங்கள். சொந்தக் கனத்திலேயே இறங்கிச் சுழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் 251 தவ் ரீமரைக் கையால் ஒரு முறை ஓட்டுங்கள். உப்புத்தாளை ஷாஃப்டில் சுற்றித் தேய்க்கும் வேலை வேண்டாம், அந்தத் துகள் பித்தளையில் பதிந்து அங்கேயே இருந்துகொண்டு ஷாஃப்டை அரிக்கும்.

அப்புறம் கழுவுங்கள். கிளீனரில் ஊறவைத்து, ஒவ்வொரு வழியிலும் காற்றழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் காற்று வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய உலோகச் சீவல் ஐட்லிங் வழியில் மாட்டினால் இத்தனை உழைப்பும் வீண்.

தகட்டை உட்கார வைப்பது

கீறிய கோட்டைப் பார்த்துத் தகட்டைச் சொருகி, ஸ்க்ரூவைத் தளர்வாக மாட்டுங்கள். ஐட்லிங் வேக ஸ்க்ரூவை முழுக்கப் பின்வாங்கிவிட்டு, லீவரை மூடிய நிலைக்கு நாலைந்து முறை மெதுவாகத் தட்டி மூடுங்கள். தகடு தானே தன் மையத்தைத் தேடிக்கொள்ளும். மூடியபடியே வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி மயிரிழை வெளிச்சம் தெரியலாம், ஒரு பக்கம் மட்டும் பிறை போலத் தெரியக் கூடாது. சரியாக அமைந்ததும் இறுக்கி, திறந்து மூடிப் பாருங்கள்.

ஸ்க்ரூவின் நுனியை மறுபடி விரிக்க வேண்டும். ஷாஃப்டுக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டுச் சின்ன சென்டர் பஞ்ச் (கூர்நுனி எஃகு ஊசி) வைத்துத் தட்டுங்கள். முட்டு இல்லாமல் தட்டினால் புது ஷாஃப்ட் வளையும். இதைத் தவிர்த்துவிட்டு வெறும் பசையை நம்பாதீர்கள். இந்த ஸ்க்ரூ கழன்றால் விழும் இடம் சிலிண்டர்தான்.

ஃப்ளோட் மாட்டும்போது, கோலர் கார்புரேட்டரில் உடலைக் கவிழ்த்துப் பிடித்தால் மட்ட முகத்துக்கும் ஃப்ளோட்டின் தளர்வான முனைக்கும் 11/64 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவு ட்ரில் பிட்டின் தண்டையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பது

புது கேஸ்கட்டோடு மாட்டி, படத்தைப் பார்த்துக் கவர்னர் கம்பியையும் ஸ்பிரிங்கையும் அதே ஓட்டைகளில் போடுங்கள். ஸ்டார்ட் பண்ணும் முன் ஒரு சோதனை: லீவரைக் கையால் முழுக்கத் திறந்து மூடுங்கள். எந்த இடத்திலும் சிக்கக் கூடாது. இன்ஜின் நிற்கும்போது ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறந்தே வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் கவர்னர்தான் அதை மூட வேண்டும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டி ஓடும், கனெக்டிங் ராடு முறியும். இதற்கு மட்டும் அவசரம் கூடாது.

கழற்றும்போது எழுதி வைத்த நீடில் சுற்றுகள் காற்று ஒழுகிய நாளைய கணக்கு. அதை அப்படியே போட்டால் இப்போது கலவை தடிமனாக இருக்கும். மெயின் நீடிலை இரண்டு சுற்றும் ஐட்லிங் நீடிலை ஒன்றேகால் சுற்றும் திறந்து ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, முழு வேகத்தில் மெயின் நீடிலை உள்ளே திருகிக்கொண்டே வாருங்கள், வேகம் குறையத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். மறுபக்கம் திறந்துகொண்டே போய்க் குறையும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் தடிமன் பக்கமாக நிறுத்துங்கள். ஐட்லிங் நீடிலுக்கும் இதே முறை. ஐட்லிங் வேகத்தை நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு வையுங்கள். இந்த இன்ஜின்களில் எண்ணெய் பம்ப் இல்லை, கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் கரண்டிதான் எண்ணெயை வாரி இறைக்கிறது. இன்னும் மெதுவாக ஓடினால் இனிமையாக இருக்கிறதே என்று இறக்கினால் மேலே எண்ணெய் போய்ச் சேராது.

கிரீஸ் சோதனையை மறுபடி செய்தேன். இந்த முறை மேல்முனையில் அப்பிய கிரீஸ் வைத்த இடத்திலேயே, விரல் ரேகை கூடக் கலையாமல் நின்றது. சோக்கை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு இறங்கி நின்று கேட்டேன். ஒரே சீரான டக்-டக்-டக். கவர்னர் கம்பி அசையவே இல்லை.

வருடத்துக்கு இரண்டு முறை ஷாஃப்டின் இரண்டு முனையையும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொட்டு இன்ஜின் எண்ணெய் விடுங்கள். துடைக்காமல் எண்ணெய் விட்டால் தூசி அதில் ஒட்டும்.